மஸ்கட்டில் இருந்த தம்பி

1

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் மூளையைப் படம் எடுத்தார்கள். எனக்கு நோய் எதுவும் இல்லை. எழுபத்திரண்டு வயதுக்குரிய தேய்மானங்கள் உண்டு. அவற்றைப் படம் பிடிப்பதில் யாருக்கும் ஆர்வம் இருக்காது. ஒரே குடும்பத்தில் மனநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று இங்கே நடக்கிறது. அதில் வராதவர்களின் வரிசையில் நான் சேர்ந்திருக்கிறேன்.

படம் எடுப்பதற்கு முன் ஆறு பக்கப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். அந்த எந்திரம் ஒரு பெரிய காந்தம் என்பதால் முதல் நான்கு பக்கங்களும் உடம்பில் உலோகம் உண்டா என்பதையே பலவிதமாகக் கேட்டன. எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் விழுந்ததுண்டா என்பது ஒரு கேள்வி. கடலடியை அளக்கும் கப்பல்களில் வேலை பார்த்தவன் ஆதலால் ஆம் என்று குறித்தேன். அந்த ஒரு சொல்லுக்காக என்னை வேறொரு தளத்துக்கு அனுப்பிக் கண்ணை எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினார்கள். உண்மை சொன்னால் இந்த நாட்டில் நேரமாகும். ஆனால் காத்திருக்க நாற்காலி தருவார்கள்.

ஐந்தாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் இருந்ததுண்டா?

இந்த நாட்டுக்கு வந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு எத்தனையோ படிவங்களில் பதில் எழுதியிருக்கிறேன். கை பழக்கப்படி 'இல்லை' என்ற கட்டத்துக்குப் போய்க் குறியும் போட்டுவிட்டது. அதை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, 'ஆம்' என்று குறித்தேன். உறவு: தம்பி. பெயர்: முகம்மது யூசுப். ஊர்: தொண்டி. அவன் மறைந்து அன்றைக்குச் சரியாக ஓர் ஆண்டு நிறைந்திருந்தது.

2

வெளியூர் வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தொண்டியில் எங்கள் வாப்பாவின் காலத்துக்கு முன்பிருந்தே ஆண்கள் கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள். கொழும்பு, ரங்கூன், பினாங்கு, பிறகு வளைகுடா. அப்படிப் போவதைச் சபர் என்போம். ஒரு வீட்டில் ஆள் இல்லையென்றால் "சபர்ல" என்பதே பதில். அதற்குமேல் யாரும் துருவுவதில்லை. பத்து ஆண்டுகள் ஒருவர் முகத்தைக் காணாவிட்டாலும் அது சாதாரணமான வீடுதான்.

யூசுப் என்னைவிட ஒன்பது வயது இளையவன். நான் கனடாவுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, சென்னையில் படித்துக்கொண்டிருந்தவன் பாதியில் ஊர் திரும்பினான். நாள்கணக்கில் தூங்கவில்லை. கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்களை நிறுத்தி, தொண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பாலம் கட்டப் போவதாகவும் வரைபடம் தன் சட்டைப்பையில் இருப்பதாகவும் சொன்னான். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்களாம். பேச்சு அவ்வளவு அழகாக இருந்ததாம். பிறகு ஒருநாள் பேச்சு நின்றது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். மீண்டும் பாலம், மீண்டும் சுவர்.

எங்கள் தங்கை மைமூனுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா ஊரில் சொன்னது ஒரே வாக்கியம்: "யூசுப் மஸ்கட் போயிட்டான்." அவன் பின்கட்டு அறையில் இருந்தான்.

என் பங்கும் இதில் உண்டு. சபரில் இருப்பவன் வீட்டுக்குச் சாமான் வரவேண்டும் அல்லவா என்று வாப்பா கடிதம் எழுதினார். ஆண்டுக்கு இருமுறை சோப்பு, அத்தர், பவுடர், டார்ச் விளக்கு என்று பெட்டி கட்டி அனுப்பினேன். உம்மா அவற்றை யூசுப் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி உறவுக்காரர்களுக்குப் பங்கிட்டார். பக்கத்துத் தெருவில் ஐஸ் கம்பெனி நடத்திய கரீம் ஒருவர்தான் சந்தேகப்பட்டார்.

"ஏன் மாமி, மஸ்கட்டு சோப்புல மேப்பிள் இலை போட்டிருக்கு? அங்கன பேரீச்ச மரம்ல இருக்கணும்?"

"கப்பல்ல வார சாமானுக்கு எந்த இலை போட்டா என்ன கரீமு? குளிக்கத்தானே போறிய. பறிச்சா திங்கப் போறிய?"

உம்மாவின் இந்தப் பதிலை வாப்பா பெருமையோடு எனக்கு எழுதியிருந்தார். நானும் சிரித்தேன். அடுத்த பெட்டியில், கனடாவின் சின்னமான அந்த இலை இல்லாத சோப்பாகத் தேடி வாங்கினேன்.

ஆறு ஆண்டுகள் அப்படியே போயின. மைமூன் மணமாகி, வீட்டில் தன் சொல் எடுபடும் நிலைக்கு வந்ததும், ஒருநாள் காலை முதல் பேருந்தில் யூசுபை இராமநாதபுரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் கொடுத்த மருந்து ஒருவகை உப்பு என்று விளக்கியதால் வீட்டில் அதற்கு உப்பு மாத்திரை என்று பெயராயிற்று. சில மாதங்களில் யூசுப் வெளியே வந்தான். ஊர் அவனை மஸ்கட்டிலிருந்து திரும்பியவனாக வரவேற்றது. காக்கா, அதாவது அண்ணன், என்று அவன் அழைத்த கரீமே தன் ஐஸ் கம்பெனியில் வேலை கொடுத்தார்.

"மஸ்கட்ல எப்படிடா வச்சிருந்தாங்க?" என்று கேட்டாராம்.

"வெளியவே விடல காக்கா."

"அங்கன முதலாளிமாரு அப்படித்தான்டா" என்றாராம் கரீம்.

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யூசுப் பனிக்கட்டி உடைத்து, படகுகளுக்கு ஏற்றி, மாலையில் செய்தித்தாள் படித்து வாழ்ந்தான். சென்ற ஆண்டு இதயம் நின்று இறந்தான். எங்கள் வழக்கப்படி அன்றே அடக்கம். நான் இங்கே விமான நிலையத்தில் நின்றபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. கையில் பயணச்சீட்டுடன் வீட்டுக்குத் திரும்பினேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வராது.

3

என் மகள் சமீமா இங்கேயே பிறந்தவள். விடுமுறைகளில் ஊருக்குப் போனபோது அவள் கண்டது நலமடைந்த யூசுபை. அவளுக்கு அவன் மஸ்கட் சாச்சா, அதாவது சித்தப்பா. உண்மை என் மனைவிக்குத் தெரியும், அவளும் காலமாகிவிட்டாள்.

சமீமாவின் மகள் நிலோஃபருக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். என்னோடு பேசும்போது அவளுடைய தமிழ் சிறிது தூரம் நடந்துவிட்டு ஆங்கிலத்தில் ஏறிக்கொள்ளும். பாட்டனாரை அப்பா என்று அழைக்கும் எங்கள் பக்கத்து வழக்கத்தை மட்டும் விடவில்லை. (இதனால் மருத்துவமனைப் பதிவேட்டில் என்னைத் தகப்பனாராக எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த மூன்று அலுவலர்கள், இரண்டு வாரம்.)

சென்ற இலையுதிர் காலத்தில் அவள் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். படுக்கையை விட்டு எழவில்லை. குடும்ப மருத்துவரிடம் போகுமுன் சமீமா என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"வாப்பா, ஃபார்ம்ல கேக்கிறாங்க. நம்ம ஃபேமிலில யாருக்காவது இப்படி ஏதாவது இருந்துச்சா?"

"இல்லையம்மா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் யோசிக்கவே இல்லை என்பது தெரிந்தது. மீண்டும் அழைத்துத் திருத்தவும் இல்லை.

மனச்சோர்வுக்கான மருந்தை மட்டும் கொடுத்தார்கள். அந்தத் தகவலோடு யாராக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள். ஐந்தாம் வாரத்தில் நிலோஃபர் எழுந்தாள். பிறகு தூங்கவே இல்லை. துறைமுகத்து மரப்பாதையில் நடப்பவர்களை நிறுத்தித் திமிங்கலங்களின் பேச்சைத் தான் புரிந்துகொண்டுவிட்டதாகச் சொன்னாள். பனி பெய்துகொண்டிருந்தது, அவள் காலில் செருப்பு இல்லை. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்களாம். பேச்சு அவ்வளவு அழகாக இருந்ததாம்.

மருத்துவமனையில் அவளைச் சேர்த்த நாளில் ஓர் இளம் பெண் மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். மனச்சோர்வாகத் தெரிவது சிலருக்கு இன்னொரு நோயின் பாதி முகமாக இருக்கும். சோர்வுக்கான மருந்தை மட்டும் கொடுத்தால் சில வேளைகளில் அது மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். முதல் தடவையில் இதை அறிவது கடினம். குடும்பத்தில் முன்பு இருந்திருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை என்றார். யாரையும் குறை சொல்லும் குரல் அல்ல. பிறகு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

"யாருக்கும் இல்லை" என்றாள் சமீமா, எனக்கும் சேர்த்து.

நான் என் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

இரண்டு நாள்கள் எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு நாள்களுக்கு என்னிடம் விளக்கம் இல்லை. மூன்றாம் நாள் பகலில் மருத்துவமனை உணவகத்தில் சொன்னேன்.

"சமீமா, யூசுப் சாச்சா மஸ்கட் போனதே இல்லை."

"என்ன வாப்பா?"

சொன்னேன். கடற்கரைப் பாலம், பின்கட்டு அறை, உப்பு மாத்திரை. அவள் தேநீரைக் கலக்குவதை நிறுத்தவில்லை.

"அப்போ அந்த சோப்பெல்லாம்?"

"இங்கிருந்து நான் அனுப்பியது."

"நான் ஸ்கூல்ல என் சாச்சா மஸ்கட்ல கப்பல் ரிப்பேர் பண்ணினார்னு ப்ராஜெக்ட் எழுதினேன் வாப்பா. மேப் எல்லாம் வரைஞ்சேன். நீங்கதான் மஸ்கட் எங்கே இருக்குன்னு காட்டினீங்க." சிரிப்பு வந்தது அவளுக்கு. பிறகு நின்றுவிட்டது. "நான் ஃபோன்ல கேட்டேன். கேட்டேன்ல?"

"கேட்டாய்."

"ஏன் வாப்பா?"

"பழக்கம்" என்றேன். கப்பல் வேலையோடு முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குக் கடலளவைப் பாடமும் சொன்னவனுக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு உங்களுக்கும் சேர்த்து 'இல்லை'ன்னு நான் சொன்னேன். இனிமே உங்களுக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன்."

மருத்துவர் வியப்புக் காட்டவில்லை. என்ன மருந்து, எத்தனை காலம், நிறுத்தியபோது நோய் திரும்பியதா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருவகை உப்பு என்றேன். "லித்தியமா?" என்று முன்னால் சாய்ந்தார். இந்த நோயில் லித்தியம் எல்லோருக்கும் கேட்பதில்லை. ஆனால் அது நன்றாகக் கேட்ட ஒருவரின் இரத்த உறவுகளுக்கும் கேட்கும் வாய்ப்பு கூடுதல் என்றும், விதி அல்ல, ஒரு வழிகாட்டி என்றும், உறுதியாகத் தெரிந்தால் தேர்வு எளிதாகும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை, அதாவது தொண்டியின் மாலை நேரத்தில், மைமூனை அழைத்தேன்.

"அந்தப் பேச்ச இப்ப எதுக்குக் காக்கா எடுக்குறிய? மண்ணுக்குப் போயிட்டான்."

"நிலோஃபருக்கும் அதே சுகவீனம், மைமூன்."

தெருவில் மீன்காரரின் ஹாரன் கேட்டது. 

"அதேதானா?"

"அதேதான். இவள் திமிங்கலம் என்கிறாள்."

"அவன் பாலம்ன்டான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காக்கா, பொம்பளப் புள்ளைக்கு இப்படின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கேட்டு வருவா? அவன மஸ்கட்டுன்னோம். இவள என்னன்டு சொல்றது? நீங்க ஏற்கனவே கனடாவுல இருக்கிய. இதுக்கு மேல எங்கன அனுப்புறது?"

"எங்கேயும் அனுப்ப வேண்டாம். அவன் மாத்திரைச் சீட்டு ஏதும் இருக்கிறதா?"

"ஏதுமா? ஒண்ண விடாம வச்சிருக்கான். இருங்க, பிஸ்கட் டின்ன எடுத்துட்டு வாரேன்."

5

அடுத்த இரண்டு நாள்களில் என் கைப்பேசிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. இந்த மருந்து உண்பவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துவர வேண்டும். யூசுப் முப்பது ஆண்டுகளாக அதற்காக இராமநாதபுரம் போய்வந்திருக்கிறான். அத்தனை சோதனைச் சீட்டுகளையும் அடுக்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவன் கையெழுத்தில் அந்த நாளைப் பற்றி ஒரு வரி.

"ஜன்னல் சீட்டு." "நின்றுகொண்டே பயணம்." "தேவிபட்டினத்தில் மழை." "கரீம் காக்கா லீவு தந்தார். எங்கே என்று கேட்கவில்லை."

கரீமுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதை அந்த வரியில்தான் அறிந்தேன்.

ஒரு சீட்டில் "ரமலான். இந்த வருஷம் நோன்பு. மாத்திரை இல்லை" என்றிருந்தது. இதன் கதையை மைமூன் சொன்னாள். பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருந்தால் அந்த உப்பு இரத்தத்தில் ஏறிவிடும் என்பதால் மருத்துவர் நோன்பு வேண்டாம் என்று தடுத்திருந்தார். நோயாளிக்கு மார்க்கம் தரும் சலுகைப்படி, விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுத்துவந்தான். ஆனால் ஊருக்கு அவன் நோயாளி அல்லவே. மஸ்கட் போய்த் திரும்பியவன். மஸ்கட் போய் நோன்பை மறந்துட்டான் என்று பள்ளிவாசலில் ஒருவர் குத்திக் காட்டியிருக்கிறார். மறு ஆண்டு வெட்கத்தில் நோன்பு வைத்தான். மருத்துவரிடம் கேட்காமலே மாத்திரையையும் நிறுத்தினான். பெருநாளுக்குள் பின்கட்டு அறைக்குத் திரும்பிவிட்டான். அடுத்த சீட்டு எட்டு மாதம் கழித்து. ஓரத்தில் "மறுபடியும்" என்று ஒரே சொல்.

நாங்கள் சொன்ன பொய் ஆறு ஆண்டுகளோடு முடிந்துவிட்டதாக நான் எண்ணியிருந்தேன். அது அவன் நலமாக இருந்தபோதும் அவனைத் தேடி வந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்துப் பேத்தியையும்.

மருத்துவர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்களும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தன. ஓரத்து வரிகளை நான் மொழிபெயர்த்தேன். நிறுத்தியதும் நோய் வந்ததும், தொடங்கியதும் நீங்கியதும் அவருக்கு முக்கியமாகப் பட்டன. சிறுநீரகம், தைராய்டு சோதனைகளை முடித்துவிட்டு அந்த வாரமே நிலோஃபருக்கு லித்தியத்தைத் தொடங்கினார். "உங்கள் தம்பி மிக நல்ல குறிப்பேடு வைத்திருந்திருக்கிறார்" என்றார். 

அவரிடம் ஒன்று கேட்டேன். இத்தனை பெரிய எந்திரங்கள் இருக்கின்றனவே, அவளுடைய மூளையைப் படம் எடுத்தால் நோய் இன்னதென்று தெரியாதா? இன்னும் இல்லை என்றார். நூற்றுக்கணக்கானவர்களின் படங்களைச் சேர்த்துப் பார்க்கையில் சில பகுதிகளில் சிறிய வேறுபாடுகள் தெரிகின்றன. தனியொருவர் படத்தை வைத்து இவருக்கு இது என்று சொல்லும் நாள் வரவில்லை. கட்டி முதலிய வேறு காரணம் இல்லை என்பதை உறுதிசெய்ய மட்டுமே இப்போது உதவும். ஆனால் யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா, ஒரே குடும்பத்தில் ஒருவரை நோய் தொட, மற்றவரைத் தொடாமல் விடுவது எது என்றெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு என்னைப் போன்ற உடன்பிறந்தவர்களும் வேண்டும் என்றார்.

நான் வாழ்நாள் முழுவதும் கடலடியை ஒலியால் அளந்து வரைபடம் ஆக்கியவன். ஒரு கப்பல் ஒருமுறை ஓடி எடுத்த அளவை நாங்கள் நம்புவதில்லை. பல கோடுகள் ஓடி, பிழைகளைக் கழித்து, சேர்த்து அடுக்கிய பிறகே கீழே இருப்பது மேடா பள்ளமா என்று எழுதுவோம். எழுதிய பிறகும் அங்கே மீன் இருக்குமா என்று தொண்டியில் ஒரு மீனவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனால் பாறை எங்கே என்று தெரிந்த கப்பல்கள் தப்பியிருக்கின்றன. இந்த ஆராய்ச்சி முதல் சில கோடுகளை ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு கோடாக இருக்க ஒப்புக்கொண்டேன்.

6

மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. முதலில் தூக்கம் வந்தது. பிறகு ஒருநாள் நிலோஃபர் என் குளிர் அங்கியைப் பார்த்து, "அப்பா, இதுல பட்டன் தப்பா போட்டிருக்கீங்க" என்றாள். சமீமா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். மகளும் தாயுமாக என்னிடம் பழையபடி பேசத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்; சமீமா இப்போதும் சில நாள்களில் பேச்சை நடுவில் நிறுத்திக்கொள்கிறாள். அது அவள் உரிமை.

யூசுபின் சீட்டுகளை நிலோஃபர் தன் கைப்பேசிக்கு வாங்கிக்கொண்டாள். சோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாளில் நான் அவளை அழைத்துப் போகிறேன். சென்ற மாதச் சீட்டின் ஓரத்தில் கோணல் தமிழில் "மழை. அப்பா லேட்" என்று எழுதிக் காட்டினாள். நான் நான்கு நிமிடம்தான் தாமதம்.

"அவருக்கு மஸ்கட் பார்க்க ஆசை இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். நான் அவனிடம் கேட்டதே இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் காந்தக் குழாய்க்குள் முக்கால் மணிநேரம் அசையாமல் கிடந்தேன். தலையைச் சுற்றி அது தட்டும் ஓசை கரையோரம் நிற்கும் விசைப்படகின் டீசல் எஞ்சினை ஒத்திருந்தது. கண்ணை மூட அனுமதி இல்லை. எதிரே ஒரு சிறு சிலுவைக் குறியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் என்னை விட்டுவிட்டது எது என்பதை அந்த ஓசை தேடிக்கொண்டிருந்தது. எனக்கும் அது தெரிய வேண்டும். கண்ணீர் வந்தால் தலை அசையும். படம் கலங்கிவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். படம் தெளிவாக வந்ததாகச் சொன்னார்கள்.

7

அன்றே தொண்டியில் யூசுபுக்கு ஆண்டு ஃபாத்திஹா ஓதினார்கள். சாப்பாடு முடிந்து பெண்கள் உட்கார்ந்திருக்கையில், யூசுப் மஸ்கட்டில் நல்ல நிலையில் இருந்தான் என்று யாரோ பேச்செடுத்திருக்கிறார்கள். மைமூன் இதைச் சொல்ல மறுநாளே என்னை அழைத்தாள்.

"நான் சொல்லிட்டேன் காக்கா. மஸ்கட்டும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல, பின்கட்டுல கெடந்தான், மாத்திரை சாப்பிட்டு எந்திரிச்சான்னுட்டேன்.  கரீம் வீட்டம்மாதான் மொதல்ல, 'அது எங்களுக்கு அப்பவே தெரியும், சோப்புல எழுதியிருந்துச்சே'ன்டா."

எல்லோரும் போன பிறகு மைமூனை லாத்தா, அதாவது அக்கா, என்று அழைக்கும் மூன்றாம் வீட்டு ஜொஹரா மட்டும் எழுந்திருக்கவில்லையாம். அவள் மகன் இரண்டு ஆண்டுகளாகத் துபாயில் இருப்பதாகத்தான் ஊருக்குத் தெரியும்.

"என்னன்டு கேட்டேன். 'லாத்தா, என் மவனும் அந்த மாதிரி சபர்லதான் இருக்கான்'ன்டா. வேற ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

"பிறகு?"

"பிறகென்ன? இன்னைக்கு காலைல மொத பஸ்ஸுல மூணு பேருமா ராம்நாடு போயிட்டு இப்பத்தான் வாரேன். அந்தப் பழைய டாக்டர் இல்ல. அவரு மவ உக்காந்திருக்கு. நல்லாப் பாத்துச்சு. இவனுக்கு வேற மாதிரி நோவாம், வேற மாத்திரையாம். வர்ற புதனும் வரச் சொல்லியிருக்கு."

"பையன் வந்தானா, தகராறு இல்லாமல்?"

"வந்தான். ரெண்டு வருசமா வெளிச்சம் பாக்காதவன்ல, கண்ணக் கூசிக்கிட்டே வந்தான். பஸ்ஸுல கூட்டம். ஜொஹரா அவன நடுவுல உக்கார வைக்கப் பாத்தா, யாரு கண்ணுலயும் படாம." மைமூன் மூச்சு வாங்கினாள். "நான் விடல காக்கா. ஜன்னல் சீட்டுல உக்கார வச்சேன்."